அப்பா பேசிய நம்பர்

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை, ஒன்றுக்கும் நான் காது கொடுத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு வரை போன முதல் ஆள் நான், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று படித்தவன். இந்த ஒன்றுக்கு மட்டும் இத்தனை வருடமாகக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எல்லார் கையிலும் மொபைல் இருக்கிறது, கூப்பிட்ட ஆள் கிடைக்காவிட்டால் 'ரேஞ்சுல இல்லைன்னு அந்தப் பொண்ணு சொல்றா' என்கிறோம். பதிவு செய்த குரல் என்று தெரிந்தேதான் பொண்ணு என்கிறோம். என் அப்பா தெரியாமல் சொன்னார். அவருக்கும் நமக்கும் அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றும்.

தொண்ணூறுகளின் கடைசி. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்தேன். அப்பாவுக்கு கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. வெலிங்டன் தீவில் ஒரு கோடவுனில் எனக்கு மூட்டை ஏற்றும் வேலை சொல்லி வைத்திருந்தார்கள், திங்கட்கிழமைக்குள் ஆள் வரவேண்டும். ஜெயித்தால் மேலே படிப்பு, தோற்றால் கோடவுன் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அதில் எனக்கும் மறுப்பில்லை, வீட்டு நிலைமை அப்படி.

அந்தக் காலத்தில் ரிசல்டை ஃபோனில் கேட்கலாம். ஒரு நம்பரை அழுத்தி, பிறகு நம் ரெஜிஸ்டர் நம்பரையும் அழுத்தினால், ஒரு பெண்குரல் மார்க்கைச் சொல்லும். ரிசல்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, "வாடா, ஃபோன் பண்ணிட்டு வரலாம்" என்றார்.

"ரிசல்டு நாளைக்குத்தாம்ப்பா."

"அதுக்குத்தான். நாளைக்கு எல்லாரும் ஃபோன் விளிப்பாங்க, எடுக்கற அந்தக் கொச்சுப் பொண்ணுக்குத் திரக்கா இருக்கும், பேச நேரமிருக்காது. இன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லி வெச்சா நல்லதில்லையா?"

ஆபீஸ்களில் அப்பா பழகியது அப்படி. ரேஷன் கார்டோ ஆஸ்பத்திரியோ, முந்தின நாளே யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வைக்கவேண்டும். அது மெஷின் என்று நான் சொன்னேன்.

"மெஷினுக்கு உன் மார்க் எப்படிடா தெரியும்? யாராச்சும் பாத்துப் படிச்சாத்தானே."

அப்பாவுக்கு எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தில் மேலே ஃபோன் நம்பரும் கீழே என் ரெஜிஸ்டர் நம்பரும் எழுதிக் கொடுத்தேன். தெருமுனை எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடி அறைக்குள் அவரே போனார், நான் வெளியே பூத்துக்காரர் நாசர் இக்காவின் மேசையருகே நின்றேன். உள்ளே அப்பா நம்பரை அழுத்தினார். யாரோ எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் மடித்துக் கட்டியிருந்த கைலியைச் சட்டென்று இறக்கிவிட்டார். மேலதிகாரி வந்தால் அவர் செய்வது அது. பேசினார், தலையாட்டினார், நடுவில் ஒரு முறை சிரித்தார்.

"ரிசல்டு மெஷினோடயா ஒன் அப்பன் இத்தர நேரம் பேசறாரு?" என்றார் நாசர் இக்கா. "என் பெண்டாட்டிகூட என் பேச்சை இவ்வளவு கேக்க மாட்டா."

பில் மெஷினிலிருந்து வந்த சிட்டை ஒன்பது நிமிடம் காட்டியது. அப்பா அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஜெயிச்சிட்டே" என்றார். "ஒரு பேப்பர் மட்டும் சரியா கூட்டலையாம். தோத்துட்டான்னு வந்தா பயப்படாதீங்க, திரும்பக் கூட்டச் சொல்லுங்கன்னா. நல்ல கொச்சு."

நான் உடனே உள்ளே போய், மனப்பாடமாகத் தெரிந்த அந்த நம்பரை அழுத்தினேன். ரிசல்டு நாளை காலை பத்து மணிமுதல் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றது. அவ்வளவுதான். அப்பா ஆசையில் தானாக ஏதோ கற்பனை செய்துகொண்டார் என்று நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் ரிசல்டு வந்தது. மொத்தத்தில் எட்டு மார்க் குறைவு. தோல்வி.

அம்மா என் பழைய சட்டைகளில் மூட்டை தூக்கத் தோதானதைத் தேடி எடுத்து வைத்தாள். அப்பா அதை எடுத்துத் திரும்ப மடித்தார். "இவன் போகமாட்டான். திரும்பக் கூட்டச் சொல்லி எழுதிப் போடறோம்."

"ஃபோன்ல எவளோ சொன்னான்னு வந்த வேலைய விடுவீங்களா?" என்றாள் அம்மா. "அவளா வந்து சோறு போடுவா?"

"அவ பொய் சொல்லலடி. எந்தப் பேப்பர்னு கூட சொன்னா. விளக்கும் குப்பியும் வரைஞ்ச பேப்பர். அது பின்பக்கத்துல இருக்காம், பாக்காம விட்டுட்டாங்களாம்."

நம்பினால் நம்புங்கள், அப்படி ஒரு படம் இருந்தது. வேதியியல் பரீட்சையில், இடம் போதாமல், ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குப்பியும் உள்ள படத்தைக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் வரைந்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. வேதியியல் என்று ஒரு பாடம் இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது.

கோடவுன் வேலை வேறு யாருக்கோ போனது. அம்மா அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். ஏழு வாரம் அந்த வீட்டில் நான் நடமாடியது எப்படி என்று எனக்குத்தான் தெரியும், அப்பா மட்டும் தினம் சாயா குடித்துக்கொண்டு சாதாரணமாக இருந்தார். பிறகு கடிதம் வந்தது. வேதியியலில் எட்டு மார்க் கூடியிருந்தது. சரியாக எட்டு.

அம்மா முருகன் படத்தைத் துடைத்து மாலை போட எடுத்தபோது, பின்னாலிருந்து அந்தச் சிட்டை விழுந்தது. அப்பா பத்திரப்படுத்தியிருக்கிறார். எடுத்து, அதில் அச்சாகியிருந்த நம்பரைப் பார்த்தேன். அப்பா கூப்பிட்டது ரிசல்டு நம்பரையே அல்ல. காகிதத்தின் கீழ்வரியில் இருந்ததை, என் ரெஜிஸ்டர் நம்பரையே அழுத்தியிருக்கிறார். அன்றைக்கு எங்கள் ஊர் ஃபோன்களுக்கும் ஆறு இலக்கம்தான், அதற்கும் ஆறு.

எனக்குப் பெரிய நிம்மதி. யாரோ ஒரு வீடு, பேப்பர் திருத்திய டீச்சராகக்கூட இருக்கலாம், ஆயிரத்தில் ஒன்று அப்படி நடக்காதா. நாசர் இக்கா கேலி செய்வார் என்று பள்ளுருத்திக்குப் போய் வேறொரு பூத்தில் அந்த நம்பரை அழுத்தினேன். அன்று வியாழக்கிழமை. 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்றது ஒரு பெண்ணின் பதிவுக்குரல். மூன்று முறை அதே வரியைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, "அந்தக் கொச்சுக்கு நன்றி சொல்லணும்டா" என்றார். அது ரிசல்டு நம்பரே இல்லை என்று நான் சொல்லவில்லை, அவரே சிட்டையைப் பார்த்து அழுத்தினார். இந்தத் தடவை நானும் கண்ணாடி அறைக்குள் நுழைந்து, ரிசீவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்தேன். எனக்குக் கேட்டது அதே வரிதான், இந்த எண் உபயோகத்தில் இல்லை, திரும்பத் திரும்ப. அப்பாவோ கைலியை இறக்கிவிட்டு, "மோளே, பையன் ஜெயிச்சிட்டான்" என்றார். கேட்டுக்கொண்டார். "ஆமா, ஆமா" என்றார். சிரித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"என்னப்பா சொன்னா?"

"வியாழக்கிழமை நீ விளிச்சியாமே. மூணு தடவை அவ சொன்னதைக் கேட்டுட்டு, ஒண்ணும் பேசாம வெச்சிட்டியாம். ஒரு வார்த்தை பேசினா என்னடா? படிச்ச பிள்ளை."

இன்று எனக்கு வேலை இருக்கிறது, என்னிடமும் மொபைல் இருக்கிறது. யாரையாவது கூப்பிட்டு அந்தக் குரல் வந்தால் உடனே வைக்க என்னால் முடிவதில்லை. பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, "சரிங்க, வெச்சுடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன். பதில் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் நான் பேசி முடிக்கும்வரை, அவள் அடுத்த வரியைத் தொடங்குவதும் இல்லை.