பெயருக்குப் பக்கத்தில் எச்.ஓ.

செலினாவுக்கு அரசியல் என்றால் கொட்டாவிதான் வரும். ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை, வாக்காளர் பட்டியலைத் தபால் ஆபீஸ் சுவரில் தொங்கவிட்ட அன்று, கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். முப்பத்தேழாம் எண் வீடு. "பில்லிங், எனாக்" என்ற பெயருக்குப் பக்கத்தில் ஆர். என்றும் ஓ. என்றும் இருக்கும், அங்கே குடியிருப்பவர், வீடு அவர் பெயரில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே "பில்லிங், செலினா". பக்கத்தில் எச்.ஓ. புருஷன் பெயரில் வீடு இருப்பதால் இவளுக்கும் ஓட்டு உண்டு.

அதைப் பார்க்கத்தான் போவாள். எனாக் அவளுடைய புருஷன் என்று சொல்லும் காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான். எனாக் முன்பு சர்ச்சில் வைத்துக் கைப்பிடித்தவள் ராச்டேல் என்ற ஊரில் வேறொருவனோடு சௌக்கியமாக இருந்தாள். விவாகரத்தெல்லாம் பெரிய வக்கீல் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் சமாசாரம். ஒன்பது வருடம் செலினா அவனுக்குச் சமைத்தாள், ஒரே கட்டிலில் படுத்தாள், நிமோனியாவில் கிடந்தபோது பிழைக்கவைத்தாள். தெருவே அவளை மிஸஸ் பில்லிங் என்றுதான் கூப்பிட்டது.

1923 வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. செலினா மேற்படி எனாக்கின் மனைவி அல்ல, பெயரை நீக்க வேண்டும் என்று ஆட்சேபம். போட்டவர் கிளெக், கட்சி ஏஜென்ட். அவருக்குச் செலினா மேல் கோபமா, தாபமா, ஒன்றும் இல்லை. எதிர்க்கட்சிக்கு ஒரு ஓட்டு குறைந்தால் சரி. இப்படி நூறு குடும்பத்தில் மூக்கை நுழைத்துவிட்டு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடுகிற ஜாதி.

விசாரணைக்குப் போகும் வழியில் எனாக் சொன்னான், "நீ வாயைத் தொறக்காத செலினா. நான் பாத்துக்கறேன்."

"நெசத்தைச் சொல்லிரு எனாக். சர்ச்சுல கட்டலைன்னு சொல்லு. ஆனா ஒன்பது வருசமா இவதான் எம் பொண்டாட்டின்னும் சொல்லு. பேரை அடிச்சாலும் அடிக்கட்டும், எனக்கு அது போதும்."

"சரி சரி, வா."

நகர்மன்ற அறையில் பதிவு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பின் பெஞ்சில் கிளெக். அவர் பக்கத்தில், எனாக் பெருக்கிக் காவல் காக்கும் ஜெபக்கூடத்தின் மூப்பர். அவரைப் பார்த்ததும் எனாக்கின் முகம் வெளுத்தது. ஒழுக்கம் கெட்டவன் என்று மூப்பர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும்.

"மிஸ்டர் பில்லிங், இந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் அதிகாரி.

எனாக் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். "வேலைக்காரிங்கய்யா. வீட்டைப் பாத்துக்கறா."

"அப்படியா. சம்பளம் என்ன குடுக்கறீங்க?"

அதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. "சோறு போடறேன்... படுக்க எடம் குடுக்கறேன்."

கிளெக் சிரித்துவிட்டார். மூப்பர் சிரிக்கவில்லை, ஆனால் திருப்தியாகத் தலையாட்டினார். அதிகாரி நல்ல மனிதர், செலினா பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

"அவரு சொன்னதுதாங்கய்யா."

சிவப்புப் பென்சில் பெயரின் மேல் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் எனாக், "அது அங்க சொன்ன பேச்சு செலினா. அதை மனசுல வச்சுக்காத" என்றான். அவள் மாடிக்குப் போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டு பின்கட்டு அறைக்கு வந்தாள். பிறகு உருளைக்கிழங்கை வேகவைத்து அவன் முன்னால் வைத்து, "வேற ஏதாவது வேணுமா, மிஸ்டர் பில்லிங்?" என்று கேட்டாள். எனாக் அழுதான். அவளும் பின்கட்டில் அழுதாள், ஆனால் அவனுக்குக் கேட்காமல்.

அதன்பின் ஆறு வருடம் ஒரு நாள்கூட எனாக் என்று அவள் கூப்பிடவில்லை. சமையலில் குறை வைக்கவில்லை, துணியில் அழுக்கு வைக்கவில்லை. இடையில் சட்டம் மாறி, புருஷன் தயவில்லாமலே அவளுக்கு ஓட்டு வந்தது. அவள் எந்தச் சுவரையும் போய்ப் பார்க்கவில்லை. பிடிவாதக்காரி என்று தெரு சொன்னது. நான் சொல்லமாட்டேன்.

எனாக்குக்கு மறுபடி நிமோனியா வந்தது. இந்தத் தடவையும் ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். "ஒரு தடவை பேரைச் சொல்லேன்" என்று கெஞ்சினான் எனாக். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

இறப்பைப் பதிய அவள்தான் போனாள். பதிவாளர் புதிதாக வந்தவர், ஊர்க்கதை ஒன்றும் தெரியாது. கறுப்பு உடையையும் வீங்கிய கண்ணையும் பார்த்தார். "சிரமப்படாதீங்கம்மா, உக்காருங்க. மனைவின்னு போட்டுக்கறேன்" என்று பேனாவை மையில் தோய்த்தார்.

செலினா அந்தப் பேனாவையே பார்த்தாள். கை நீட்டாமலே கிடைக்கிறது, இனி ஆட்சேபம் சொல்லவும் ஆளில்லை.

"இல்லீங்கய்யா," என்றாள். "வேலைக்காரின்னு போடுங்க. அவரே சொன்னதுதான்."