பாயம்மா கேட்ட கேள்வி

சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வாசலில், தைத்த கைலித் துணியொன்றை நீட்டியபடி பாயம்மா நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆடி பிறந்த முதல் வெள்ளி. தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்தது. நாள் கிழமை குறித்துவைப்பது என் பழக்கம். அங்கே நான் கிளார்க். நாங்கள் பாயம்மா என்றே அழைத்த அவர், பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர். கணவர் படுத்த படுக்கை. இந்தக் கூலியை நம்பித்தான் வீடு இருந்தது.

முந்தின நாள் போர்மேன் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். கறுப்பு அங்கியைப் பாயம்மா வாசலிலேயே கழற்றி மாட்டிவிட்டார். ஆனால் தலையிலிருந்த முக்காடு நைலான். மருந்து அறையில் பருத்தி தவிர வேறு துணி ஆகாது. உரசினால் பொறி கிளம்பும். தம்பியை ஒரு வெடிவிபத்தில் பறிகொடுத்தவர் போர்மேன். அவர் பயம் நியாயமானது. பாயம்மா மறுபேச்சில்லாமல் போனார். கணவரின் பழைய பருத்திக் கைலியைக் கிழித்து முக்காடு தைத்துக்கொண்டு மறுநாள் வந்தார்.

போர்மேன் துணியைத் தேய்த்துப் பார்த்தார். பருத்திதான். ஆனாலும் முக்காடு வேண்டாம், இங்கே எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

"நேத்து நைலான் ஆகாதுன்னீக, சரின்னு போனேன். இன்னைக்கு எது ஆகாதுங்கீக அண்ணே? துணியா, நானா?"

வரிசையில் நின்ற ஒரு பெண், அலுமினியப் பொடி படியாமலிருக்கத் தான் கட்டியிருந்த தலைத்துண்டைத் தொட்டுக் காட்டினாள். "அப்ப நாங்களும் அவுத்துருவமா? சாயங்காலம் அம்புட்டுப் பேரும் நரைச்ச கிழவியா வீட்டுக்குப் போவோம்."

வரிசை சிரித்தது. போர்மேன் சிரிக்கவில்லை. கடைசி அறையில் தனியாக உட்காரட்டும் என்று சற்று இறங்கி வந்தார்.

"ஒளிஞ்சு உக்கார நான் என்ன களவாண்டா வந்திருக்கேன்?" என்ற பாயம்மா, முக்காட்டை வாங்கித் தலையில் கட்டி, முடிச்சை இறுக்கிக்கொண்டு மற்றப் பெண்களோடு முதல் அறைக்குள் நடந்தார். யாரும் தடுக்கவில்லை.

மதச் சுதந்திரம் பற்றி அதன்பின் எவ்வளவோ படித்துவிட்டேன். உயிரைக் காக்கும் விதி எங்கே முடிகிறது, அடுத்தவரை நம்மைப் போல் ஆக்கும் ஆசை எங்கே தொடங்குகிறது என்பதை அந்த வாசல் கேள்வியைப் போல் எந்தப் புத்தகமும் எனக்குப் பிரித்துக் காட்டவில்லை.

இன்று அவர் மகள் சிவகாசி அச்சகமொன்றில் வேலை பார்க்கிறாள், தலையை மூடுவதில்லை. சென்ற ரமலானில் நோன்புக் கஞ்சி குடிக்கப் போனபோது, வருத்தமில்லையா என்று பாயம்மாவிடம் கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? ஆனா அன்னைக்கு நான் மல்லுக்கு நின்னது என் தலைக்கு. அவ தலைய அவ பாத்துக்கிடட்டும்" என்றார்.