ஓடாத ஜீப்பும் ஓட்டக் கூடாத அப்பாவும்

ஓடாத ஜீப்பாகப் பார்த்துத்தான் வாங்கினேன். சொன்னால் எவனும் நம்ப மாட்டான். ராணுவம் கழித்துப் போட்ட பழைய ஜீப் ஒன்று உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். "இன்ஜின் வேலை கொஞ்சம் பாத்தா ஜம்முனு ஓடும் சார்" என்று மில்காரர் ஆசை காட்டினார். "வேண்டாங்க, இப்படியே இருக்கட்டும்" என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பின்சீட்டில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் முட்டையோடு இறக்கிக்கொண்டார்.

எல்லாம் அப்பாவுக்காக. ராணுவத்தில் இருபது வருடம் டிரைவராக இருந்தவர்; இதே மாதிரி ஜீப்பில்தான் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு மலை மலையாகச் சுற்றியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு சிட்லபாக்கத்தில் வீடு, ஒரு ஸ்கூட்டர். லேசான பக்கவாதம் வந்து எழுந்தபோது, இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னவர் டாக்டர், ஸ்கூட்டரை விற்றவன் நான். ஆகவே டாக்டர் நல்ல மனிதர், நான் துரோகி. இரண்டு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. நான் எதிரிலேயே நிற்பேன். அவர் அம்மாவிடம், "பேப்பரைப் படிச்சாச்சான்னு கேளு" என்பார். அம்மாவும் என் பக்கம் திரும்பி, "படிச்சாச்சாடா?" என்பாள். இது வீடா, கோர்ட்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் துடைப்பார், பானெட்டைத் திறந்து திறந்து மூடுவார், என்னைத் திட்டுவதற்காவது வாயைத் திறப்பார் என்பது என் திட்டம். ஓடாத வண்டி என்பதால் ஆபத்தும் இல்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இழுத்து வர, தாம்பரத்தில் எங்கள் ஸ்கூட்டரை ரிப்பேர் பார்த்துவந்த மெக்கானிக் பாய் தன் டெம்போவோடு வந்தார். டெம்போவின் பின்னால் கயிறு, கயிற்றின் முனையில் ஜீப், ஜீப்பின் ஸ்டியரிங்கில் நான். கிளம்பும்போதே பாய் பாடம் எடுத்தார்.

"சார், நல்லா கேட்டுக்கோ. என் வண்டில செவப்பு லைட்டு எரிஞ்சா மட்டும் மெதுவா பிரேக்க அமுக்கு. மத்த நேரத்துல கால எட்த்துடு. கவுறு தொய்யவும் கூடாது, வெடுக்குனு இழுக்கவும் கூடாது."

இதில் என்ன பிரமாதம் என்று நினைத்தேன். பதினைந்து வருடமாக ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக் ஓட்டுகிறவன். வினையே அதுதான். இந்த ரோட்டில் பைக் ஓட்டுகிறவனின் கால் பிரேக்கை விட்டு நகராது. நாய் வந்தால் பிரேக், வருமோ என்று தோன்றினாலும் பிரேக். விழுப்புரம் தாண்டியதும் ஓர் எருமை என்னைப் பார்த்தது, பிரேக்கை அமுக்கினேன், கயிறு பட்டென்று அறுந்தது. பாய் இறங்கி வந்து முடிச்சுப் போட்டார். திண்டிவனத்தில் இன்னொரு முடிச்சு. மேல்மருவத்தூரில் ஒன்று, செங்கல்பட்டில் ஒன்று. ஒவ்வொரு முடிச்சுக்கும் கயிறு குட்டையாகிக்கொண்டே வந்தது. பாயின் டெம்போவில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

கூடுவாஞ்சேரி மார்க்கெட் எதிரே ஐந்தாவது முறையாக அறுந்தபோது கூட்டம் கூடிவிட்டது.

"இன்னா சார், ஷூட்டிங்கா? ஈரோ யாரு?" என்றார் ஒரு பழக்கடைக்காரர்.

"நான்தான்" என்றேன் எரிச்சலில்.

"போ சார், காமெடி பண்ணிக்கினு."

பாய் அறுந்த கயிற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். "பேஜார் பண்றியே சார். இன்னும் ரெண்டு முடிச்சு போட்டா, நீ என் மடியிலதான் வந்து குந்தணும்." பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். திரும்பி வந்து, "ஐயா ட்ரெய்ன் ஏறுறாரு" என்றார்.

"எந்த ஐயா?"

"உன் நைனாதான். உன்ன நம்பிக்கினு நான் தாம்பரம் தாண்ட முடியாது சார்."

பாயைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. என் திட்டம் நடு ரோட்டில் நாறிப்போயிற்று.

முக்கால் மணி நேரத்தில் அப்பா ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. இடது காலை மட்டும் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்தார். ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார். டயரை மிதித்துப் பார்த்தார். பிறகு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஓடாதுன்னு தெரிஞ்சுதானே வாங்கினே?"

அவர் ஸ்டியரிங் பக்கம் ஏறப் போனார்.

"அப்பா, டாக்டர்..."

"ஓட்டக் கூடாதுன்னுதானே சொன்னாரு? செத்த இன்ஜின வெச்சுக்கிட்டு என்னத்த ஓட்டுறது? பாய் இழுப்பாரு, நான் போவேன். ஏறு அந்தப் பக்கம்."

"ஐயா பாயின்ட்ட புட்ச்சாரு!" என்றார் பாய்.

அதன் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! பத்தடி கயிறு கம்பு மாதிரி நேராக நின்றது. சிவப்பு லைட் எரிவதற்கும் அவர் கால் அமுங்குவதற்கும் இடையில் நேரமே இல்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ இடது பக்கமிருந்து மூக்கை நீட்டியபோது நான்தான் பதறி, "அப்பா, லெஃப்ட்டு!" என்று கத்தினேன். லேசாக ஒடித்தார். "எனக்குத் தெரியாதா?" என்றார். பெருங்களத்தூரில் அதே பக்கம் ஒரு பஸ் உரசுகிற மாதிரி வர, மறுபடியும் கத்தினேன். "தொணதொணன்னு வராதே" என்று அதட்டினார். தாம்பரத்தில் டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒருவர் யாரென்று நினைத்தாரோ, சல்யூட் அடித்தார். அப்பா ஒரு கையால் திருப்பி அடித்தார்.

ச்சே, இப்பேர்ப்பட்ட மனுஷனை மூலையில் உட்கார வைத்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேறு டாக்டரைப் பார்க்கலாம், ஸ்கூட்டர் ஒன்று திரும்ப வாங்கிவிடலாம் என்று சிட்லபாக்கம் ஏரிக்கரை வருவதற்குள் முடிவே செய்துவிட்டேன்.

தெருவே வாசலில் நின்றது. அம்மா ஆரத்தி சுற்றினாள். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கக்கூட ஜீப்புக்குச் சொந்த பலம் இல்லாததால் பாய்தான் ஓரடி இழுத்துக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பாய் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு காபி குடிக்க உள்ளே போனார்.

அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"இறங்குப்பா."

"லெஃப்ட் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியலடா" என்றார் மெதுவாக. "ஊரப்பாக்கத்துல ஆட்டோ தெரியல. அவ்ளோ பெரிய பஸ்ஸு, அதுவும் தெரியல. கயித்தையும் லைட்டையும் மட்டும் பாத்துக்கிட்டு வந்தேன். நீ ஸ்கூட்டர வித்தது சரிதான்."

இரண்டு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

"இல்லப்பா, ஆட்டோக்காரன் மேலதான் தப்பு" என்றேன்.

"உளறாதே. கையக் குடு."

நான் சுற்றி வந்து கையைக் கொடுத்தேன். அவர் இறங்கி நின்றதும், வீட்டு வாசல் வரைக்கும் அவருக்கு இடது பக்கமாகவே நடந்தேன்.