டிராவில் போன பாதி மீசை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தியாகராய நகர் ஜவுளிக்கடைக்கு வேலை கேட்டு நான் பாதி மீசையோடு போனேன். இடது பக்கம் முழுசாக இருந்தது. வலது பக்கம் சுத்தம்.

ரங்கூனிலிருந்து என்னோடு கப்பலேறியவர்களுக்குத் தெரியும், அங்கே மழை பிடித்தால்தான் பந்தாட்டம் களைகட்டும். இப்போது குடியிருக்கும் மயிலாப்பூரில் பந்தாட்டம் என்னவாயிற்று என்று கேட்டால் கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிறார்கள். எங்கள் தெருமுனை சலூன் முனுசாமி மட்டும் வேறு ரகம். ஆசிய நாடுகளின் கால்பந்துப் போட்டி நடந்த அந்த வாரம் அவர் கடை ரேடியோவுக்கு ஓய்வே இல்லை. பெயரெடுத்த அணிகளெல்லாம் வரிசையாக மண்ணைக் கவ்வின. யாரும் கணக்கிலேயே எடுக்காத அணிகள் மேலேறின. முதல் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கிய இந்தியாகூடத் தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது. எதிரே பர்மா.

"இன்னா பர்மாக்காரரே, நீ எந்தக் கட்சி?" என்றார் முனுசாமி.

ரங்கூனில் எங்களைக் 'கலா' என்பார்கள். அக்கரையிலிருந்து வந்தவன் என்று பொருள். அங்கே இருந்தவரை நான் இந்தியக் கட்சி, அதற்காக உதையும் வாங்கியிருக்கிறேன். இங்கே வாய் தானாக "பர்மா" என்றது. அதோடு நிறுத்தினேனா? பர்மா தோற்றால் மீசையை எடுக்கிறேன் என்றேன். இந்தியா தோற்றால் தன் மீசை என்றார் அவர்.

பர்மா இரண்டு கோல் முன்னால் போனது. முனுசாமியின் மீசைக்கு நானே சோப்பு நுரை குழைத்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் இந்தியா இரண்டையும் திருப்பிக் கொடுத்தது. வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரர்கள் குதித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் குதித்தேன்.

"டிராவுப்பா! நாளன்னிக்கு மறுக்கா ஆடுறானுங்கோ. அதுவரிக்கும் ஆளுக்குப் பாதி!" முனுசாமி கத்தியை முதலில் தன் மீசையில்தான் வைத்தார். அதன்பிறகு நான் எப்படி மறுப்பது?

இடையில் இருந்த ஒரே நாள், வேலை கேட்டுப் போகவேண்டிய நாள். எட்டு மாதமாக மச்சான் வீட்டில் சாப்பாடு; சோறு போடும் கரண்டியின் சத்தமே மாறியிருந்த காலம். "மிச்சத்தையும் வழிச்சிட்டுப் போங்களேன்" என்று அழாத குறையாகச் சொன்னாள் என் மனைவி. "வாக்கு கொடுத்துட்டேனே" என்றேன், ஏதோ ராஜ்யத்தையே பணயம் வைத்தவன்போல.

கடை முதலாளி திருநெல்வேலிப் பக்கம். என்னை வலமும் இடமுமாகப் பார்த்தார்.

"என்னவே இது?"

ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"முழுசா வழிச்சுட்டு வந்திருக்கலாம்லா? யாருக்குத் தெரியப் போவுது?"

"முனுசாமி வழிக்கலையே, அண்ணாச்சி. வர்றவங்கல்லாம் சிரிக்கச் சிரிக்க அப்படியே கடையில நிக்கிறாரு."

முதலாளிக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. அதில் ஒரு பக்கம் ரங்கூன்காரன், ஒரு பக்கம் மயிலாப்பூர்க்காரன். எந்தப் பக்கம் யார் என்று எனக்கே பிடிபடவில்லை.

"சரி, நாளைக்கு யாரு ஜெயிக்கணும்ங்கீரு?"

"மறுபடியும் டிரா ஆனா நல்லாருக்கும், அண்ணாச்சி. மிச்சப் பாதியும் ரெண்டு பேருக்கும் சேர்ந்தே போயிரும்."

"அப்போ நாளான்னைக்கு வேலைக்கு வாரும், மொத்தத்தையும் வழிச்சுட்டு."