வெள்ளிக்கிழமை வந்த ஜீப்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் போலீசுக்கு முன்னால் சேதி போவது நூர் பாஷாவின் கொட்டகைக்குத்தான். டைனமோ, பேட்டரி, ஹெட்லைட் எது மக்கர் செய்தாலும் அவர்தான் பார்ப்பார். முன்பக்கம் தொழில், பின்பக்கம் குடித்தனம். எண்பத்தஞ்சாம் வருஷம் மாசி மாதத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று நேரே வந்து முன்சுவரை இடித்துத் தள்ளியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ரஹமத் பீவி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அல்லா புண்ணியத்தில் கீறல் கூடப் படவில்லை. ஆனால் அன்று முதல் ஹாரன் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடுவாள். தருமபுரி டவுனில் ஒரு இடம் பிடித்து அவளைக் கூட்டிப்போய்விட வேண்டும். பாஷாவுக்கு வேறு ஆசையே கிடையாது.

கஸ்பார் மாரண்டஹள்ளிக்காரன். பாஷாவும் அவனும் ஒரே வயதுதான். ஆனாலும் அவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. ஓசூர்ப் பக்கம் பட்டுப்புழு முட்டைகளை வேனில் ஏற்றி, கணவாய் இறங்கி, சேலம் ஜில்லா விவசாயிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் பிழைப்பு. இருவரும் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கஸ்பார் பூசைக்குப் போனால் வேனுக்குக் காவல் பாஷா. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு பாஷா தருமபுரிக்கு பஸ் ஏறினால் கொட்டகைக்குக் காவல் கஸ்பார். பத்து வருஷமாக இதில் ஒரு வாரம் தவறியதில்லை.

பட்டு முட்டைக்கு வெயில் ஆகாது. மண்பானைத் தண்ணீர் அளவுக்கு ஜில்லென்று இருந்தால்தான் புழு ஒழுங்காகப் பொரியும். கணவாயில் ஒரு லாரி படுத்துவிட்டால் மணிக்கணக்கில் வண்டி நகராது. அந்தச் சித்திரையில் அப்படி மாட்டிக்கொண்டு ஒரு லோடு முட்டையும் பாழாய்ப் போனது. விவசாயிகள் வாய்க்கு வந்தபடி ஏச, கஸ்பார் பாஷாவின் கொட்டகையில் வந்து உட்கார்ந்து அழுதான். வேனுக்கு ஏசி வைக்கலாம் என்றால் பெங்களூரில் ஒருவன் தனியாக ஒரு ஜெனரேட்டரையே தூக்கி வைக்கச் சொல்கிறானாம்.

பாஷா சிரித்துவிட்டார். வேன் முழுக்க எதற்குக் குளிர வேண்டும், முட்டை குளிர்ந்தால் போதாதா என்றார். வேனுக்குள் ஒரு பிளைவுட் அறை கட்டி, சுற்றிலும் தெர்மகோல் அடைத்தார். சேலம் பழைய இரும்புக் கடையில் கூல்டிரிங்ஸ் பெட்டியின் சின்ன கம்ப்ரசர் ஒன்று கிடைத்தது. அதைச் சுற்ற மோட்டார் வேண்டுமே? பழைய லாரி டைனமோ ஒன்றை எடுத்தார். சுற்றினால் கரண்ட் கொடுப்பது, கரண்ட் கொடுத்தால் சுற்றத்தானே வேண்டும்! பேட்டரியை நேரே அதற்குக் கொடுத்து, பெல்ட் மாட்டினார். வேன் ஓடும்போது சார்ஜ் ஏற இன்னொரு ஆல்டர்னேட்டர். ஸ்டார்ட் செய்யும் பேட்டரி வேறு, குளிருக்கான பேட்டரி வேறு, ஒன்றை மற்றது தொடாது. இன்ஜினை அணைத்துவிட்டு அரை நாள் நின்றாலும் அது பாட்டுக்கு ஏசி ஓடும். லேசில் வந்துவிடவில்லை. இரண்டு டைனமோ புகைந்து போயின, ஆவணி வரைக்கும் இழுத்தது, சொந்தத் தொழில் படுத்தே விட்டது. ரஹமத் பீவி முணுமுணுத்தாள். பாஷா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த முறை கணவாயில் லாரி கவிழ்ந்து வேன் நின்றபோது ஒரு முட்டை கெடவில்லை. சேதி பட்டு முட்டை விற்பவர்களின் சங்கத்துக்குப் போனது. அவர்களுடைய வேன்களுக்கெல்லாம் இதே மாதிரி செய்யப் போகிறார்கள், வேலையைத் தருமபுரியிலேயே இடம் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள் என்று கஸ்பார்தான் வந்து சொன்னான். சனிக்கிழமை கணவாய்க்கே வந்து பார்க்கிறார்களாம்.

"வண்டி என்து, வேலை உன்து மச்சான். ரெண்டு பேர் பேர்லயும்தான் கேட்டிருக்கேன்."

ரஹமத் பீவி அன்றைக்கே பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பாஷா வழக்கம்போல் கொட்டகைச் சாவியைக் கஸ்பாரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். நாளைக்கு ஆட்கள் வருகிறார்களே என்று அன்று அல்லாவிடம் கூடுதலாகவே துஆ கேட்டார். கஸ்பாருக்கும் சேர்த்துத்தான் கேட்டார்.

திரும்பி வந்து இறங்கியபோது வேனும் இல்லை, கஸ்பாரும் இல்லை. சாவி எதிர் டீக்கடை பச்சியப்பனிடம் இருந்தது. மத்தியானம் ஜீப்பில் பெரிய ஆட்கள் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனதாகப் பச்சியப்பன் சொன்னார். பாஷா நம்பவில்லை. நாளைக்குத்தானே வருகிறார்கள், இது வேறு யாராவது இருக்கும் என்றார். பச்சியப்பன் டம்ளரைக் கழுவுவதை நிறுத்தினார்.

"இல்லீங்க பாஷா. கஸ்பாருதான் தொறந்து காட்டினாரு. இத்த ரோசன பண்ணுனது யாருன்னு கேட்டாங்க. எல்லாம் நான்தானுங்க, ஒயரு மட்டும் இங்க ஒரு பாய் இழுத்துக் குடுத்தாருன்னு சொன்னாரு."

ஒரு பாய்! பேர் கூட இல்லை. ரோட்டில் போகிறவன் பீடிக்கடைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, ஒரு பாய். ஆனாலும் பாஷாவுக்கு மனசு கேட்கவில்லை. சங்கத்துக்காரர்கள் திடீரென்று வந்திருப்பார்கள், கஸ்பார் பதறிப்போய் ஏதோ உளறியிருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இருட்டுகிற நேரத்துக்குக் கஸ்பார் வந்தான். முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. ஆர்டர் கிடைத்துவிட்டது, தருமபுரியில் இடமும் கொடுக்கிறார்கள், ரெண்டு பேர் என்றால் சங்கத்தில் இழுத்தடிப்பார்கள் என்று தன் பேரிலேயே வாங்கிவிட்டானாம். ஒயரிங் வேலை எல்லாம் பாஷாவுக்குத்தானாம், தினக்கூலியாக. மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

பாஷா ஒன்றே ஒன்று கேட்டார்.

"சனிக்கிழமைன்னு என்கிட்ட எதுக்குச் சொன்ன?"

கஸ்பார் குனிந்துகொண்டே சொன்னான்.

"வேற எந்த நேரத்துக்கு வரச் சொன்னாலும் நீ கொட்டாயிலதான இருப்ப? செத்தாலும் நீ ஜும்மாவ மட்டும் வுடமாட்டன்னு எனக்குத் தெரியாதா மச்சான்?"

அடப்பாவி! எதிரி கூடத் தொழுகை நேரத்துக்கு மரியாதை கொடுப்பான். பத்து வருஷம் காவல் இருந்த நேரத்தையே பார்த்துக் கழுத்தறுத்திருக்கிறான். பாஷா அடிக்கவில்லை, ஏசவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அந்த 'ங்க' காதில் விழுந்ததும் கஸ்பாரின் முகம் செத்துப்போனது. அப்படியே திரும்பிப் போய்விட்டான். உள்ளே ரஹமத் பீவி கட்டி வைத்த பாத்திரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாஷா கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போனார். தொழுகை வரிசையில் நின்றார். குனிந்தார், நிமிர்ந்தார். ஆனால் நினைப்பெல்லாம் தொப்பூரிலேயே கிடந்தது. இந்நேரம் அங்கே யார் வந்திருப்பார்கள், முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை ரக்அத் தொழுதோம் என்று அவருக்கே தெரியவில்லை. டவுனில் கிடைக்க இருந்த இடம் போனதைக் கூட அவர் ஒரு நாள் மன்னித்திருப்பார். இதை மன்னிக்கவே இல்லை.