வடக்குக் கோலுக்குப் பின்னால்

விடிவெள்ளி கால்பந்துக் கழகத்துக்குப் புது மேனேஜர் வருகிறார் என்ற செய்தி, ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிவதற்குள் ராயப்பன்பட்டி முழுக்கப் பரவிவிட்டது. ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் சாமியாரின் பிரசங்கத்தைக் கேட்கவே இல்லை. பூசை முடிந்ததும் நேராகச் சாராளின் பஜ்ஜிக் கடைக்குத்தான் போனார்கள். விடிவெள்ளியின் தலையெழுத்து வாராவாரம் அந்தக் கடையின் எண்ணெய்ச் சட்டியில்தான் வேகும்.

"சுருளிப்பட்டிக்காரனாம், மலைச்சாமி. ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு டிரைவரு" என்றார் ராக்கையா. வாழைத்தார் வியாபாரி. கழகத்துக்கு ஜெர்சி வாங்கிக் கொடுப்பவரும் அவர்தான் என்பதால் அவர் பேச்சுக்கு எடை அதிகம்.

"ஜீப்பு ஓட்டுறவனுக்குப் பந்தப் பத்தி என்னய்யா தெரியும்?" என்று கேட்டார் சேவியர் வாத்தியார். பந்தை ஒருநாளும் காலால் தொட்டதில்லை. பேச்சில் மட்டும் ஆயிரம் கோல் போட்டவர்.

"மலப்புறத்துல பத்து வருஷம், பக்கத்துக்கு ஏழு பேரு ஆடுற செவன்ஸ் ஆடுனவன் வாத்தியாரே. அங்கன சும்மா ஒருத்தன எறக்குவானுகளா?"

"இதுக்கு முன்ன வந்த மேனேஜருக மட்டும் சும்மாவா வந்தாக? எல்லாரும் பெரிய பேரோடதான் வந்தாக. என்ன ஆச்சு? தெக்குக் கோல்ல நிக்கிற வரைக்கும் நம்ம கோலி புலி. பாதி ஆட்டம் முடிஞ்சு வடக்குக் கோலுக்குப் போனா எலி. வாங்குற கோலு பூராம் அங்கனதான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விடிவெள்ளி மூன்று வருஷமாகத் தோற்பதற்கு ஊர் கண்டுபிடித்த கோணல் அந்த வடக்குக் கோல். ராக்கையா குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கம்பப் பிடுங்கி எறிஞ்சிட்டு, மைதானத்தையே கெழக்கு மேக்காத் திருப்பிரணும். மேனேஜர் வந்ததும் மொத வேலையா இதத்தான் சொல்லப் போறேன்."

சாராள் கரண்டியால் சட்டி விளிம்பில் ஓங்கித் தட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பங்கிராஸ் வந்துகொண்டிருந்தார். சட்டென்று எல்லோருக்கும் மழையைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. பெரியாற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று வாத்தியார் கேட்க, ராக்கையா வாய்க்கு வந்த ஒரு கணக்கைச் சொன்னார்.

ஆனால் 'கம்பப் பிடுங்கி' என்பது பங்கிராஸின் காதில் விழுந்துவிட்டது. அன்று அவர் பஜ்ஜி வாங்கவில்லை.

பங்கிராஸ் ஊரில் பெரிய ஆள் எல்லாம் இல்லை. திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டுகிறவர். சொந்தமாக ஒரு பந்தல் வைத்திருந்து, செவட்டை நோயில் அதைத் தொலைத்துவிட்டு, பிறகு அடுத்தவர் பந்தலுக்குக் கூலிக்குப் போனவர். அண்ணாந்து பார்த்தே வேலை செய்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துபோயிருந்தது. அமுதாவைக் கட்டி வெகுகாலம் குழந்தை இல்லை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த ஒரே பிள்ளை இமானுவேல். அவன் எட்டு வயதில் வாழைச் சருகைச் சுருட்டிப் பந்தாக அப்பாவை எறியச் சொல்லி, தாவித் தாவிப் பிடித்தான். இருபது வயதில் விடிவெள்ளிக்குக் கோலி ஆனான்.

அதற்கப்புறம் பங்கிராஸின் வாழ்க்கை ஒரு வலைக்குப் பின்னால் என்று ஆகிவிட்டது. மகன் எந்தக் கோலில் நிற்கிறானோ அதன் பின்னால் இவரும் நிற்பார். பாதி ஆட்டத்தில் அவன் பக்கம் மாறினால் இவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். "ஏலே, வலது! ஏலே, அவன் இடுப்பப் பாரு!" என்று கத்திக் கத்தித் திங்கட்கிழமை பந்தலில் பேசக் குரல் இருக்காது. அப்பன் வாயும் மகன் கையும் சேர்ந்தால்தான் ஒரு கோலி என்று ஊர் கேலி பேசும். அவருக்கு அது பெருமை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் கோப்பையின் இறுதி ஆட்டம். வடக்குக் கோல். மூலையை நோக்கி வந்த பந்துக்கு இமானுவேல் பாய்ந்தான். பந்தைப் பிடித்தும்விட்டான். தலை இரும்புக் கம்பத்தில் மோதியது. பந்தைக் கட்டிக்கொண்டபடியே கிடந்தவனைப் பார்த்து, நேரம் கடத்த நடிக்கிறான் என்று நினைத்து ஊரே கைதட்டியது. தேனிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? காற்றே இல்லாதபோது வலை அசைந்ததென்றான் ஒருவன். பந்து உள்ளங்கையில் விழும் சத்தம் கேட்டதென்றான் இன்னொருவன். சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். கம்பத்தில் ஒருத்தர் ஜெபமாலையைச் சுற்றினார், ராக்கையா தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். எதற்கும் எதுவும் மசியவில்லை. வடக்குக் கோலுக்குப் போகும் ஒவ்வொரு விடிவெள்ளிக் கோலியும் சிலுவை போட்டுக்கொண்டு போனான், கோல் வாங்கிக்கொண்டு வந்தான்.

பங்கிராஸுக்கு இந்தப் பேய்க் கதை பிடித்திருந்தது. வெளியே சொல்லமாட்டார், ஆனால் பிடித்திருந்தது. பேயாக இருந்தால்தான் என்ன, என் பிள்ளைதானே! மலைக்காற்று இறங்கும் சாயங்காலங்களில் கவாத்துக் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கே போய் நிற்பார். உள்ளே பொந்தாக இருந்த கம்பம் காற்றில் ஊம் என்று முனகும். ஒரு காதை அதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஆட்டம் நடக்கும் நாட்களிலும் அங்கேதான். ஆனால் ஒரு சத்தம் போடமாட்டார். எந்தக் கோலி நின்றாலும், வலைக்குப் பின்னால் ஒரு எட்டு தள்ளி, வாயை மூடிக்கொண்டு நிற்பார். அந்த இடமும் போய்விட்டால் அவருக்கு மகன் இல்லை.

ஆகவே மறுநாள் வேலைக்குப் போகாமல் சுருளிப்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

மலைச்சாமி ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். வண்டியெல்லாம் ஏலக்காய் வாசம். "வாங்க சேட்டா" என்று கேரளத்துப் பழக்கத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டு, "வாங்கண்ணே" என்று திருத்திக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயந்தான் தம்பி. டீமுக்கு என்ன வேணாலும் செய்யுங்க. அந்த வடக்குக் கம்ப மட்டும் பிடுங்கிறாதீக. எம்மகன் அங்கனதான் இருக்கான்."

மலைச்சாமி தண்ணீர்க் குழாயை மூடினார். கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நான் கம்பத் தொடமாட்டேண்ணே. இரும்பு யாரை என்ன செஞ்சது? ரெண்டு ஞாயித்துக்கெழமையா உங்க ஊருக்கு வந்து களி, அதான் ஆட்டம் பாத்தேன். யாருக்கும் தெரியாம ஓரமா நின்னுதான் பாத்தேன். கோலிப் பையன் இனியன்கிட்டயும் பேசுனேன். ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காதீக. உங்க ஊர்க்காரவுக செத்தாலும் இத உங்ககிட்ட சொல்லமாட்டாக. நான் வெளியூர்க்காரன், நாந்தான் சொல்லணும்."

"சொல்லுங்க."

"பையன் கம்பப் பாத்துப் பயப்படல. உங்களப் பாத்துத்தான் பயப்படுறான். கத்துனாக்கூட பரவாயில்லண்ணே, பேசாம நிக்கிறாக, மூச்சு மட்டும் கேக்குது, கண்ணு முதுகுல குத்துதுங்கிறான். இவனுக்கு முன்ன நின்னவனுகளும் இதேதான் சொல்லியிருக்கானுக. ஊரு பேய் பேய்ங்குதே... அது நீங்கதாண்ணே."

பங்கிராஸ் ஜீப்பின் பின்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்கன நிக்கவே வேணாம்னு சொல்லல. நம்ம பையன் அந்தக் கோலுக்கு வர்ற பாதி நேரம் மட்டும் தெக்க போயிருங்க. அது போதும்."

வீட்டுக்கு வந்ததும் அமுதாவிடம் கேட்டார். "உனக்கும் தெரியுமா?"

அமுதா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொல்லி? இங்கன உக்காந்து அவன் பனியன மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு இருப்பீக. அங்கனயாவது நாலு மனுசரோட நிக்கட்டும்னு விட்டுட்டேன். ஊரே விட்டுருச்சு. கப்புப் போனா போகுதுன்னு எல்லாரும் சும்மாத்தானே இருந்தாக."

பங்கிராஸுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. மூன்று வருஷமாக ஒரு ஊர் தனக்காகத் தோற்றுக்கொண்டிருந்ததா? பஜ்ஜிக் கடையில் சண்டை போட்டுக்கொண்டு, மேனேஜரை மாற்றிக்கொண்டு, எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு, ஒருத்தர்கூட வாய் திறக்காமல்! வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் கோப்பையின் முதல் ஆட்டம் கோம்பை அணியோடு. முதல் பாதியில் கோம்பைக் கோலி வடக்கே நின்றான். பங்கிராஸ் வழக்கமான இடத்தில் நின்றார். யாரும் கோல் போடவில்லை. விசில் ஊதியதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரமாகத் தெற்கே நடந்தார். பஜ்ஜிக் கடைக் கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. ராக்கையா எழுந்தே நின்றுவிட்டார். எதிரே இனியன் கையுறையை மாட்டிக்கொண்டு வடக்கே வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் வந்ததும், "மாமா..." என்றான். பங்கிராஸ் நிற்காமல் போனார்.

பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் விட்டுவிட்டு வருவது போல இருந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். வலை மட்டும் தெரிந்தது.

இரண்டாம் பாதியில் இனியன் ஆடியதை ஊர் இன்னும் பேசுகிறது. ஒன்றைத் தட்டினான், ஒன்றைக் குத்தினான், ஒன்றைக் காலாலேயே தடுத்தான். ஒவ்வொரு தடவையும் வடக்கேயிருந்து ஓவென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் பங்கிராஸின் வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன குற்றம்? பொறாமைதான். 'நான் நகர்ந்ததும் இவ்வளவு சந்தோஷமாடா உங்களுக்கு? அங்கே என் பிள்ளை தனியாக நிற்கிறானேடா' என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற கோம்பைக் கோலியை அவர் பார்க்கக்கூட இல்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். விடிவெள்ளியின் ஆள் ஒருவன் வலது பக்கமாகப் புகுந்து ஓங்கி அடித்தான். பந்து தரையோடு மூலைக்குச் சீறியது. கோம்பைப் பையன் பாய்ந்தான். பங்கிராஸ் பந்தைப் பார்க்கவில்லை. காற்றில் நீண்டு வரும் அந்தத் தலையைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார்.

"ஏலே! தலை! கம்புடா, தலை, தலை!"

தொண்டை கிழிந்து வந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. வடக்கே நின்ற இனியனுக்குக் கேட்டது. வீட்டில் இருந்த அமுதாவுக்குக் கேட்டதாக அவள் சொல்கிறாள், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஒரு நொடியில் வந்திருக்க வேண்டிய சத்தம். அன்றைக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு வராமல் போன சத்தம்.

பையன் பதறிப்போய் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தான். பந்து அவனைத் தாண்டி உள்ளே போனது.

கோல்!

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ராயப்பன்பட்டி மொத்தமும் தெற்கே ஓடிவந்தது. கோம்பைக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு குதித்தார்கள். வெளியே நிற்கிறவன் கத்தினால் அதற்கு நான் என்ன செய்வது என்று நடுவர் கையை விரித்துவிட்டார். மூன்று வருஷத்துக்கப்புறம் முதல் வெற்றி.

"பங்கிராஸண்ணே! என்னா மூளைண்ணே உங்களுக்கு!" ராக்கையா அவரைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். "இத்தன வருசமா இந்த வித்தைய எங்கன ஒளிச்சு வச்சிருந்தீக? அடுத்த ஆட்டத்துக்கும் அவனுக கோலுக்குப் பின்னாடிதான் நிக்கணும் நீங்க. இனிமே நமக்குத் தோல்வியே கெடையாது!" மேனேஜர் யோசனைதான் இது, செவன்ஸ் மூளை சும்மாவா என்றார் சேவியர் வாத்தியார். தூரத்தில் நின்ற மலைச்சாமி சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பங்கிராஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோம்பைப் பையன் எழுந்து வந்தான். முழங்கையில் சிராய்ப்பு. மற்றபடி ஒன்றும் இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தான்.

"யோவ் கெழவா, வெக்கமா இல்ல உனக்கு? தலை தலைன்னு கத்தி ஏமாத்துறியே, இதெல்லாம் ஒரு பொழப்பாய்யா? எங்க ஊருப் பக்கம் வந்துரு, அப்பத் தெரியும். உன்னாலதான்யா போச்சு, எல்லாம் உன்னாலதான்!"

பங்கிராஸ் வலைக் கண்ணிகளில் விரல்களை விட்டுப் பிடித்துக்கொண்டார். பையனின் நெற்றியைப் பார்த்தார், கன்னப்பொட்டைப் பார்த்தார். முடியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். அவன் கத்தக் கத்த, கழுத்தில் நரம்பு புடைத்துப் புடைத்து அடங்கியது. இவர் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"வாங்கண்ணே, இந்தப் பய கெடக்கான்" என்று ராக்கையா அவர் தோளைப் பிடித்து இழுத்தார். ஆட்கள் அவரைத் தூக்கப் பார்த்தார்கள்.

பங்கிராஸ் வலையை விடவில்லை.

"இருங்கய்யா" என்றார். "புள்ள பேசிக்கிட்டிருக்கான்ல."