இசக்கியின் மறுபரீட்சையும் என் இலவச வீடியோக்களும்

ட்யூஷன் டீச்சர் தொழிலில் இப்போதெல்லாம் கரும்பலகையைவிடப் போனைத்தான் அதிகம் துடைக்க வேண்டியிருக்கிறது. அறிவியலோ வரலாறோ, எதைத் தேடினாலும் காசில்லாமல் வந்து குவிகிறது. வீடியோ, படம், பயிற்சித்தாள், வீட்டிலேயே செய்துபார்க்கும் சோதனை என்று எல்லாம் உண்டு. அதில் நம் பிள்ளைக்கு ஆகிற ஒன்றைப் பொறுக்கி எடுப்பதற்குள் கண் பூத்துவிடும். இந்த வேலையைச் செய்தவர்கள் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள். நான் மும்பையில் சுனாபட்டியிலிருந்து தினமும் தாராவிக்கு வந்து, இரும்பு ஏணி ஏறிப் போகிற ஒரு மாடி அறையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டாவதில் பெயில்

இசக்கியம்மாள் எட்டாம் வகுப்பில் அறிவியலும் வரலாறும் பெயில். முன்பு எட்டாவது வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்த மாட்டார்கள். இப்போது நிறுத்துகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு மறுபரீட்சை வைக்கிறார்கள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் திருநெல்வேலிப் பக்கம் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அங்கேயே படிக்கட்டும் என்று அவளுடைய அப்பா சுடலைமுத்து அண்ணாச்சி அறிவித்துவிட்டார். அவர் பக்கத்துச் சந்தில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர்.

எனக்குக் கிடைத்தது ஆறு வாரம். பாடப்புத்தகம் எங்கே என்று கேட்டேன். பரீட்சை முடிந்த அன்றே அவள் அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாராம். சரி, நெட் இருக்கிறதே என்று தைரியமாக ஆரம்பித்தேன். உனக்கு ஊர் பிடிக்காதா என்று இசக்கியிடம் கேட்டுவைத்தேன். அவள் சொன்னாள்: "பிடிக்கும் டீச்சர், மே மாசம் மட்டும். ஜூன்லேர்ந்து எனக்கு பம்பாய்தான் வேணும்."

சத்தத்தை நிறுத்திவிட்டு

ரத்த ஓட்டத்துக்கு அருமையான வீடியோ ஒன்று கிடைத்தது. இதயம் திறந்து மூடுவது அப்படியே தெரியும். ஆனால் பேசுகிறவர் வெளிநாட்டு வாத்தியார், அவருடைய ஆங்கிலம் எனக்கே பாதிதான் பிடிபட்டது. நம் தொழிலில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, படம் ஓட ஓட நாமே தமிழில் பேசுவது.

நானும் மூச்சுவிடாமல் பேசினேன். வலது மேலறை, இடது கீழறை, சுத்த ரத்தம், அசுத்த ரத்தம் என்று அடுக்கியதில் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. இசக்கி மெதுவாகக் கையைத் தூக்கினாள். "அரே டீச்சர், ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த சார் இன்னும் இதயத்துலயே இருக்காரு, நீங்க நுரையீரலுக்குப் போயிட்டீங்க."

அமிலமும் காரமும்

அடுத்து ஒரு இலவசப் பாடத்திட்டம். வீட்டில் இருப்பதைக் கொண்டே சோதனை செய்யலாம் என்று போட்டிருந்தது. பட்டியலைப் பார்த்தேன். ஊதா முட்டைக்கோஸ், ஏதேதோ பழச்சாறு, தோட்டத்து மண். இதெல்லாம் இருக்கிற வீடு எந்த வீடோ! மஞ்சள்தூளை வைத்தும் செய்யலாம் என்று இன்னொருவர் போட்டிருந்தார், பிழைத்தேன். தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, காயவைத்து, சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தோம். பட்டென்று சிவந்தது. இசக்கி கைதட்டினாள்.

அவளைக் கூப்பிட வந்த அம்மா செல்லக்கனி ஏணியில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். "இதப் பாக்கதுக்கா டீச்சர் ஒரு மணி நேரமா போனத் தேய்க்கிய? சாம்பார் பட்ட சட்டைக்கு சோப்பு போடும்போது நான் தெனமும் இதத்தான பாக்கேன்."

அருங்காட்சியகத்தில் அண்ணாச்சி

தொழிற்புரட்சிக்கு வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றைப் பிடித்தேன். போனிலேயே உள்ளே நடந்து போகலாம், திரும்பிப் பார்க்கலாம். நாங்கள் பழைய எந்திரங்கள் இருக்கும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோது சுடலைமுத்து அண்ணாச்சி சாப்பாட்டு நேரத்தில் மகள் என்ன படிக்கிறாள் என்று பார்க்க வந்தார்.

போனை வாங்கினார். ஒரு லேத் எந்திரத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, பெல்ட் ஓடும் இடத்தையே உற்றுப் பார்த்தார். கயிறு கட்டி, தொடக் கூடாது என்று பலகை வைத்துப் பாதுகாத்திருந்தார்கள். "டீச்சர், இதே மாதிரி ஒண்ணுல காலையிலதான் பெல்ட் மாத்திட்டு வாரேன். இதப்போயி வரலாறுங்கிய?"

என் தலையில் நானே போட்ட மண்

இனி நான் செய்த கூத்து. வரலாற்றுக்குச் சுத்தமான தமிழில், எட்டாம் வகுப்பு என்றே தலைப்புப் போட்ட வீடியோக்கள் கிடைத்தன. பயிற்சித்தாள், விடைகள் எல்லாம் கூடவே. நான் அதுவரை கணக்கு மட்டும் எடுத்தவள். கணக்கு எந்த மாநிலத்திலும் கணக்குதான். வரலாறு அப்படி இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை. இசக்கிக்காவது தெரிந்திருக்கலாம், வருஷம் முழுக்க வகுப்பில் காதைக் கொடுத்திருந்தால். மூன்று வாரம் பாளையக்காரர்களின் போரை உருகி உருகி நடத்தினேன். கோட்டை, பீரங்கி ஒன்று விடாமல் அவளும் ஒப்பித்தாள்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அவளுடைய பள்ளி டீச்சர் மாதிரி வினாத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மகாராஷ்டிர மாநிலம் உருவான வரலாற்றை விவரி என்று இருந்தது. பாளையக்காரர் ஒருவரைக்கூடக் காணோம். நான் நடத்தியது தமிழ்நாட்டுப் பாடம். இவள் எழுதப்போவது மகாராஷ்டிரப் பாடம். ஒரு பிள்ளையின் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டேன் என்று அவளிடமே சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் வினாத்தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா டிக்கெட் எடுக்கதுக்கு முன்னாலயே நீங்க என்னை ஊர்ல கொண்டு சேத்துட்டீங்களா டீச்சர்?"

யார் டீச்சர்?

அவளுடைய பாடப்புத்தகம் முழுக்க இணையத்தில் இலவசமாகவே இருந்தது. அதை அன்றுதான் கண்டுபிடித்தேன். ஆனால் எழுத்துக்கூட்டி அத்தனை பக்கம் படிக்க அவளுக்கு நாள் போதாது. அதே பாடங்களுக்கு மராத்தி வீடியோக்கள் ஏராளமாக இருந்தன. எனக்கு மராத்தி காய்கறிக்கடை அளவுக்குத்தான் வரும். அவளுக்கோ தெருவில் விளையாடிப் பழகிய மொழி.

ஆகவே இடம் மாறியது. அவள் வீடியோவைக் கேட்பாள், நிறுத்துவாள், தமிழில் சொல்வாள். நான் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துக் குறிப்பெழுதுவேன். முதல் நாள் நான் பாதியிலேயே பின்தங்கிவிட்டேன். சொல்லிக்கொடுக்கிறவளுக்கு எல்லாம் மனதில் நிற்கிறது, கை வலிப்பது எழுதுகிறவளுக்குத்தான். பன்னிரண்டு நாளும் அவள் வாயிலிருந்து கேட்டது ஒன்றுதான்: "எழுதியாச்சா டீச்சர்? அடுத்ததுக்குப் போகவா, டைம் இல்ல!"

பாஸ்

அறிவியலில் நன்றாகவே பாஸ். வரலாற்றில் எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு பாஸ். மதிப்பெண் தாளை இசக்கி நேரே பட்டறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன், அந்த மூன்று வாரத்துக்கு அவள் அப்பாவிடம் பதில் சொல்லவேண்டியவள் நான்தானே.

அண்ணாச்சி கையெல்லாம் கிரீஸ். தாளைத் தொடாமல், மகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் குனிந்து இரண்டு தடவை படித்தார். அம்மாவிடம் காட்டிவிட்டு வா என்று அவளை அனுப்பினார். அவள் சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். திட்டு வாங்கத் தயாராக நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கோவத்துல எங்க ஆளுக எல்லாரும் இருக்கையில சொல்லிட்டேன் டீச்சர், பொறவு சொன்ன சொல்ல மாத்த முடியல. பெயிலாயிருந்தா நெசமாவே அனுப்பியிருக்கணும். இந்த ஆறு வாரமா அவளவிட நாந்தான் பயந்து கெடந்தேன்."

சக டீச்சர்மாரே, இணையத்தில் எல்லாமே இலவசம்தான், எந்த ஊர்ப் பாடம் என்று பார்க்க மறந்தால் அதற்கான விலையை மட்டும் வேறு யாரோ ஒரு பிள்ளை கொடுக்க வேண்டியிருக்கும்.